அழுத மூஞ்சி பாக்கியவதி

பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் இருபத்திரண்டு வருஷம் காசாளர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பாக்கியவதி. பணம் கட்ட வருகிறவர்கள் செலானை நீட்டுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" கொஞ்சம் பழகியவர்கள் என்றால், "வீட்டுல யாரும் தவறிட்டாவளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. உள்ளபடிக்கு அவள் நன்றாகச் சாப்பிடுகிறவள், படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறவள், யாராவது தடுக்கி விழுந்தால் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் தூக்கிவிடுகிறவள். ஆனால் என்ன செய்ய? இரண்டு கண்ணுக்கும் கீழே கட்டைவிரலால் அமுக்கி எடுத்ததுபோல் இரண்டு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு கருப்பு. அவள் அப்பாவுக்கும் அதே பள்ளம்தான். அவர் தலைமையாசிரியர் என்பதால் அவருக்கு அது படித்த களை என்று பேர் வாங்கிக்கொடுத்தது. அதுவே மகளுக்கு வந்தபோது அழுத மூஞ்சி ஆகிவிட்டது. ஊர் நியாயம் அப்படி.

அவளைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டாவதாக வந்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு இஷ்டமில்லாமக் கட்டிவைக்கியளோ?" என்று கேட்டுவிட்டுக் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, வயதும் போய்விட்டது. சொந்தத்தில் துஷ்டி என்றால் பாக்கியவதிக்குத்தான் முதல் ஆள் அனுப்புவார்கள். வந்து சவப்பெட்டிப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே போதும், வீட்டுக்கு ஒரு துக்கக்களை வந்துவிடும். கல்யாண வீடு என்றால், "பாக்கியம், நீ பந்தியப் பாத்துக்கோயேன்" என்று பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் போய்ச் சாம்பார் வாளியை எண்ணிக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் சாரம்மாள். கூடப்பிறந்த அக்கா, ஆறு வயது மூத்தவள். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலைத் தொழிலாளி கிருபைராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். யாராவது தங்கச்சியின் முகத்தைப் பற்றி வாயெடுத்தால், "எங்க அப்பா முகம்லா அது, ஒனக்கென்ன தெரியும்" என்று அடக்கிவிடுவாள். சாரம்மாளுக்கு ஒரே மகள், ரீபா. ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிகிற வரை பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் இருந்துதான் படித்தாள். பெற்றது சாரம்மாள், தலைபின்னி விட்டது பாக்கியவதி. இரண்டு பேருக்கும் அவள் மகள்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ரீபாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சாயர்புரத்துக்காரர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து போட்டோக்காரர் மதார் படம் எடுக்க வந்திருந்தார். பெண்ணின் இரண்டு பக்கமும் அம்மாவும் சித்தியும் நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா சாரம்மாளின் காதோரம் வந்து, "நல்ல காரியத்துல முன்னால நிக்கவங்க கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா நல்லதுல்லா" என்றாள். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைப்பு. எல்லாருக்கும் கேட்டது.

சாரம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே மகள் சம்பந்தம், பெண்ணைப் பெற்றவள், சம்பந்தி சொல்கிறாள். ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, "ஏட்டி பாக்கியம், நீ கொஞ்சம் அங்கன தள்ளி நில்லேன்" என்றாள்.

பாக்கியவதி தள்ளி நின்றாள். தூணுக்குப் பின்னால் போய், அங்கிருந்து அடுப்படிக்குப் போய், பாயசத்தில் முந்திரி போட்டாயிற்றா என்று பார்த்தாள். இருபது பேர் அதற்கு முன்னால் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், அதெல்லாம் அவளுக்கு உறைத்ததில்லை. இது உறைத்தது. அக்காவும் தங்கையும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் ஒரு அழுகையோடு போயிருக்கும்.

அடுத்த மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் டாக்டர் பதில் பகுதியில் அவள் அதைப் படித்தாள். மதுரையில் ஒரு டாக்டர், தொடையிலிருந்து கொழுப்பை ஊசியால் உறிஞ்சி எடுத்து, கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வைத்து நிரப்புகிறாராம். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். "நிரப்புறதுல பாதிதாம்மா நிக்கும், மீதிய ஒடம்பே எடுத்துக்கிரும். மொத ரெண்டு வாரம் வீங்கிப் போயி, கருத்து, பாக்க மோசமா இருக்கும். அதுக்குப் பயந்துரக் கூடாது" என்றார் டாக்டர். பாக்கியவதி, "என் ஒடம்புல பிரயோசனம் இல்லாமக் கெடந்தது அது ஒண்ணுதான், எடுத்துக்கோங்க" என்று சொல்ல, டாக்டரே சிரித்துவிட்டார்.

எதற்காக இந்த வேலை? கல்யாணத்துக்கு ஆசைப்படுகிற வயதா? சாயர்புரத்துக்காரி என்ன நினைத்தால் அவளுக்கென்ன? எல்லாம் அக்காவுக்காகத்தான். மே மாதக் கடைசியில் ரீபாவுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு நாள் விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெளிந்த முகத்தோடு அக்காவின் முன்னால் போய் நிற்க வேண்டும். தள்ளி நில்லு என்று சொன்ன அதே வாய், வாட்டி, வந்து எம்பக்கத்துல நில்லு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை மதுரையில் அது நடந்தது. துணைக்குப் போனவள் பக்கத்து வீட்டு உலகம்மாள், மகன்கள் பம்பாயில் இருக்க, தனியாக இருக்கிறவள். அக்காவிடம் பாக்கியவதி, மதுரையில் இரண்டு வாரம் வங்கிப் பயிற்சி என்று சொல்லியிருந்தாள். மறுநாள் வாடகைக் காரில் வீடு திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் இரண்டு கத்தரிக்காய். கருநீலம் கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. உலகம்மாள் தாடையில் கைவைத்துக்கொண்டு, "யாரோ கம்பெடுத்து அடிச்சாப்புலல்லா இருக்கு தாயீ" என்றாள்.

குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, முகத்தை எதிலும் அழுத்தக் கூடாது, மூன்று தலையணை அடுக்கி மல்லாந்துதான் படுக்க வேண்டும். தொடையில் ஊசி இறங்கிய இடம் கன்றிப்போய் உட்கார்ந்தால் வலித்தது. வீடு பெருக்குவதும் அடி குழாயில் தண்ணீர் எடுப்பதும் உலகம்மாள் பாடு. முழங்காலில் நின்று தலை குனிந்து ஜெபித்துப் பழகியவளுக்கு அதுகூட முடியவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். ஆண்டவரோடு சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரித்தால் கன்னம் வலித்தது.

வீட்டில் ஆள் இருப்பது தெரியக் கூடாது என்பதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். தெருவாசலில் உலகம்மாள் வெளியே பூட்டுப் போட்டுவிடுவாள். சாப்பாடு, பால், செய்தி எல்லாம் பின்வாசல் வழியாக வரும். பாக்கியவதி தன் சொந்த வீட்டிலேயே ஒளிந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெருப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "ஏட்டி பாக்கியம்" என்று ஒரு குரல் கூப்பிட்டது. பூட்டைத் தொட்டு ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பாக்கியவதி ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சாரம்மாள். கையில் ஒரு துணிப்பை. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த வேர்வை முதுகில் ஜாக்கெட்டை ஒட்டியிருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து உலகம்மாள் வந்தாள். "ட்ரெய்னிங்குக்குல்லா போயிருக்கு. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னா. சனி ஞாயிறு வீட்டுக்கு வந்திருப்பாளோன்னு பாத்தேன்" என்றாள் சாரம்மாள். "கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்க்கா. மூச்சு வாங்குது."

அவள் படியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஒரு தடவை இடது தோளைப் பிடித்து அமுக்கிவிட்டுக்கொண்டாள், பையின் கனம் என்று உள்ளே இருந்தவள் நினைத்தாள். அக்காவின் கொண்டையில் நரை இவ்வளவு இருக்கிறதென்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு எட்டு வைத்துப் பின்வாசலுக்குப் போய், அக்கா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்த முகத்தோடா? அக்கா மார்பில் அடித்துக்கொள்வாள். எதுக்குட்டி இப்படிப் பண்ணுனே என்று கேட்பாள். நீ தள்ளி நிக்கச் சொன்னதுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் வீக்கம் வற்றிவிடும், தானே போய் நிற்கலாம். பாக்கியவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உலகம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு சாரம்மாள் எழுந்தாள். பையை அவளிடம் கொடுத்தாள். "நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. மெதுவா வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல." தெருமுனை திரும்புகிற வரை பாக்கியவதி பார்த்துக்கொண்டே நின்றாள். சாரம்மாள் அவ்வளவு மெதுவாக நடக்கிறவள் இல்லை.

பைக்குள் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், அதற்கடியில் தாளில் சுற்றிய ஒரு பட்டுச் சேலை. அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. "இதே போல ஒங்க அக்கா தனக்கும் ஒண்ணு எடுத்திருக்காளாம்" என்றாள் உலகம்மாள். "ரெண்டும் ஒண்ணு போல. கல்யாணத்தன்னிக்கு அவ எம்பக்கத்துல நிக்கணும்லா, அப்படின்னு சொன்னா."

பாக்கியவதி சேலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண்ணைத் துடைக்க வேண்டிவரும், துடைத்தால் கெட்டுவிடும் என்று அண்ணாந்து பார்த்து அடக்கிக்கொண்டாள். இந்த முட்டாள்தனத்தை நினைத்துத்தான் அவள் பின்னால் தன்னை அதிகமாக ஏசிக்கொண்டது. சேலை வந்த பிறகு முகம் எதற்கு? அக்கா பழைய மூஞ்சிக்குத்தான் சேலை எடுத்திருந்தாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து, அந்தக் கத்தரிக்காய்க் கண்ணோடேயே போயிருக்கலாம். அவள் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் உலகம்மாள் வீட்டு டெலிபோன் அடித்தது. அவள் பின்வாசல் வழியாக வந்து நின்ற விதத்திலேயே பாக்கியவதிக்குத் தெரிந்துவிட்டது. "தாயீ, ஒங்க அக்கா..." என்றாள் உலகம்மாள். விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கப் போன இடத்தில் மாரடைப்பாம்.

மதுரையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை உலகம்மாள் எடுத்து நீட்டினாள். பாக்கியவதி அதை வாங்கவில்லை. பஸ்ஸில் ஏறியதுமே ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு, "யாரும்மா தவறுனது?" என்று கேட்டார். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. "எங்க அக்கா" என்றாள். சேரன்மகாதேவி தாண்டி ஆறு கூடவே வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

துஷ்டி வீட்டில் அவளைப் பார்த்ததும் பெண்கள் ஓவென்று கூடிவிட்டார்கள். "கண்ணப் பாருங்கம்மா, அழுது அழுது ரத்தம் கட்டிப்போச்சு." "கூடப்பொறந்தவன்னா இப்படில்லா இருக்கணும்." "இவளும் போயிருவா போலிருக்கே." ஒருத்தி மாற்றி ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். இது அழுத கண் இல்லை, நான் இன்னும் அழவே இல்லை என்று யாரிடம் சொல்வது? பிறந்ததிலிருந்து அழாத கண்ணை அழுத கண் என்று சொன்ன ஊர், அன்றைக்கும் அதையேதான் சொன்னது. ஆனால் அன்றைக்கு மெச்சிக்கொண்டு சொன்னது.

அக்கா புருஷன் கிருபைராஜ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பாக்கியவதி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரமா மாரு அடைக்கி, தோளு வலிக்கின்னு சொல்லிக்கிட்டே இருந்தா, பாக்கியம்" என்றார். "பாளையங்கோட்டையில டாக்டரப் பாத்துருன்னு சொன்னேன். எனக்கு சனிக்கெழம ஷிப்டு. நீங்க வராண்டாம், பாக்கியத்தக் கூட்டிக்கிட்டுப் போறேன், அவதான் டாக்டருகிட்ட வெவரமாப் பேசுவான்னு சொல்லிட்டு வந்தா. நீ மதுரையில இருந்தே. தனியாப் போகப் பயந்துக்கிட்டு அப்படியே திரும்பி வந்துட்டா. அடுத்த வாரம் அவ வந்ததும் போறேன்னா."

அவர் அவள் தலையைத் தொட்டார். "நீ என்ன செய்வ. ஒனக்கென்ன தெரியும்."

"அத்தான், நான் அன்னிக்கு வீட்டுலதான்..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் ரீபா ஓடிவந்து மடியில் விழுந்தாள். "சித்தி, ஒங்க கண்ணு என்ன இப்படி ஆயிட்டு. அம்மாவும் போயிட்டா, நீங்களும் போயிராதீங்க சித்தி." அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சொல்ல வந்தது உள்ளேயே இறங்கிவிட்டது. பிறகு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பமாகச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அதே மதார் அதே கேமராவோடு வந்திருந்தார். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, சாரம்மாளின் முகம் தெரியும்படி பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். பாக்கியவதி ஓரத்தில் போய் நின்றாள். பந்தியும் தூணும் பழகிய கால் அது.

"அக்கா, நீங்க அங்கன நின்னா எப்படி? தலமாட்டுக்கு முன்னால வாங்க" என்று மதார் கூப்பிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் தள்ளி நின்றதைப் பார்த்தவர்தான் அவர். எல்லாரும் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள். வெளிச்சம் ஒரு தடவை அடித்தது. போதகர் ஜெபத்துக்குத் தலை குனியச் சொன்னார். பாக்கியவதி குனிந்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது, வந்தாலும் குனிந்தாள். பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோய் அக்காவின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து அழுத்தினாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. ஊசி இறங்கிய இடமெல்லாம் எரிந்தது. "கதவத் தொறக்கலக்கா, கதவத் தொறக்கல" என்றாள். இழுத்துவிட்ட பெண்கள், பாவம், துக்கத்தில் என்னவோ பிதற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தைத் தள்ளிப் போட வேண்டாம், சாரம்மாள் குறித்த தேதியிலேயே நடக்கட்டும் என்று கிருபைராஜ் சொல்லிவிட்டார். மே மாதக் கடைசி வியாழக்கிழமை. அதற்குள் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சளும் போய்விட்டது. அப்படி அழுத்தியும் கெடவில்லை. பள்ளம் இருந்த இடம் பள்ளம் இருந்த மாதிரியே இல்லை. டாக்டர் கைகாரர்தான். அன்று காலை அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, இத்தனை நாள் ஆசைப்பட்ட முகம் அங்கே இருந்தது. அதில் அப்பாவைக் காணவில்லை. அக்கா சண்டை போட்டுக் காப்பாற்றிய முகம் அது, அதை அவளே தொலைத்துவிட்டாள்.

கோயில் வாசலில் சொந்தக்காரி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "கூடப்பொறந்தவ போயி நாப்பது நாளு ஆகல. மூஞ்சி எப்படித் தெளிஞ்சிருக்கு பாத்தியா? அன்னிக்கு அழுததெல்லாம் என்னத்த அழுகையோ." பாக்கியவதி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்காகப் பதில் சொல்லக்கூடிய ஒருத்தி கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள்.

ஆராதனை முடிந்து படம் எடுக்க நின்றார்கள். சாயர்புரத்துக்காரி மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றாள். இந்தப் பக்கம் ரீபா, அவளுக்கு அடுத்து வெறும் இடம், அதைத் தாண்டிக் கிருபைராஜ். பாக்கியவதியைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவே, "வாங்க சம்பந்தி, பொண்ணோட அம்மா எடத்துல நீங்கதான நிக்கணும்" என்றாள். முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

பாக்கியவதி முன்னால் வந்தாள். ரீபாவை ஒட்டி நிற்காமல், நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு விட்டு நின்றாள். மதார் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "அக்கா, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. நடுவுல எடம் கெடக்கு."

"கெடக்கட்டும் மதார்" என்றாள் பாக்கியவதி. "நான் இங்கன தள்ளியே நிக்கேன்."

ரீபா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மதார் கேமராவைக் கண்ணில் வைத்தார். அந்தப் படம் இன்றைக்கும் விக்கிரமசிங்கபுரத்து வீட்டுச் சுவரில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நடுவில் ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள், அவள் முகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.